ஒரே கழுத்து, இரண்டு ஸ்கேன்

ஏழு வார இடைவெளியில் என் கழுத்தை இரண்டு இடங்களில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். முதல் இடத்தில் குளுகுளு அறை, மெத்தை நாற்காலி, பெயர் சொல்லி வரவேற்பு. ஸ்கேன் ஆறே நிமிடம். அரை மணியில் பளபளக்கும் உறையில் ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது. இரண்டாவது இடத்தில் இரண்டரை மணி நேரம் மரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஸ்கேன் முக்கால் மணி நேரம். ரிப்போர்ட் மறுநாள்தான். யாராவது கேட்டால் அந்த மரப் பெஞ்சுக்குத்தான் போகச் சொல்வேன். அதற்கான காரணம் கொஞ்சம் நீளம். இரண்டு இடத்தின் பெயரையும் எழுதப் போவதில்லை. எதைப் பார்த்து ஓர் இடத்தை எடைபோடுவது என்று தெரிந்தால் பெயர் தேவைப்படாது.

நான் கட்டட வரைபடம் போடுகிறவள். இருபத்திரண்டு வருடமாக அதுதான் பிழைப்பு. பழைய வீட்டில் ஒரு சுவரை எடுக்க வேண்டும் என்று வந்தால், முதல் வேலை அந்த வீட்டை இருக்கிறது இருக்கிறபடி அளந்து வரைவது. எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது, வயர் எங்கே புதைந்திருக்கிறது என்று பார்க்காமல் சுத்தியலைத் தூக்கியவர்கள் பட்ட பாட்டை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தைராய்டு புற்று என்று தெரிந்தபோது நோயைப் பற்றி அதிகம் புரியவில்லை. ஆனால் வரைபடம் சரியில்லை என்றால் எனக்குப் புரியும்.

கதை கண்ணாடி முன்னால் ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் தண்ணீர் குடித்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தேன். விழுங்கும்போது கழுத்தின் வலப்பக்கத்தில் ஓர் உருண்டை மேலே ஏறி இறங்கியது. வலி இல்லை, குரல் மாறவில்லை. ரத்தப் பரிசோதனையில், தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். அளவும் சரியாகவே இருந்தது. டாக்டர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். அப்படித்தான் அந்தக் குளுகுளு அறைக்குப் போனேன்.

அங்கே ஸ்கேன் செய்தவர் என்னிடம் பேசியது மூன்றே மூன்று சொல். “படுங்க.” “திரும்புங்க.” “முடிஞ்சுது.” நடுவில் அவருக்கு ஒரு போன் வந்தது, அதில்தான் நிறையப் பேசினார். ரிப்போர்ட்டில் தைராய்டின் வலது மடலில், அதாவது வலது பாதியில், 1.6 செ.மீ. கட்டி என்றிருந்தது. அடுத்து ‘டி-ரேட்ஸ் 4’ என்று ஓர் எண். கடைசி வரி: ‘கழுத்தில் குறிப்பிடத்தக்க நெறிக்கட்டு எதுவும் இல்லை.’

அந்த 1.6 என்னை உறுத்தியது. எது 1.6? நீளமா, அகலமா, ஆழமா? ஒரே ஓர் அளவைக் கொடுத்து இதுதான் அறை என்று சொன்னால் நான் பிளான் போட மாட்டேன். ஆனால் அன்று அதைக் கேட்கத் தோன்றவில்லை. உடம்பு என்று வந்துவிட்டால் நம் தொழில் புத்தி வாசலிலேயே நின்றுவிடுகிறது.

அடுத்த வாரம் கட்டியில் ஊசி போட்டு செல் எடுத்தார்கள். முடிவில் பெத்தெஸ்டா 6 என்று வந்தது. ஊசியில் எடுத்த செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள். ஆறாவது வகை என்றால் புற்று. என்னுடையது பாப்பிலரி என்ற ரகம். தைராய்டு புற்றுகளில் மிக அதிகமாக வருவதும் அதுதான், பெரும்பாலும் மெதுவாக வளர்வதும் அதுதான். “வரணும்னு இருந்தா இது வந்தது பரவாயில்லை” என்று ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். இப்போது வேண்டாம்.

அறுவை சிகிச்சை நிபுணர் ஊசி முடிவைப் படித்தார், பிறகு ஸ்கேன் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கட்டி சின்னதா இருக்கு, வெளியே எங்கயும் பரவலைன்னா பாதித் தைராய்டை மட்டும் எடுத்தாப் போதும். ஆனா இந்த ரிப்போர்ட்டை நம்பி நான் கத்தி எடுக்க மாட்டேன்மா. கழுத்து முழுக்க மேப்பிங் பண்ணிட்டு வாங்க” என்றார்.

“அதான் நெறிக்கட்டு இல்லைன்னு போட்டிருக்கே, டாக்டர்?”

“போட்டிருக்கு. தேடினாங்களான்னு போடலையே.”

அந்தப் பதிலுக்காகவே அவருக்கு ஒரு கும்பிடு.

ஊசி முடிவில் புற்று என்றோ புற்றாக இருக்கலாம் என்றோ வந்து, அறுவைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் கழுத்து நெறிகளை, அதிலும் பக்கவாட்டில் இருப்பவற்றை, முன்கூட்டியே அல்ட்ராசவுண்டில் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அப்படிப் பார்த்தவர்களில் 20 முதல் 31 சதவீதம் பேருக்குச் சந்தேகமான நெறி தட்டுப்படுகிறது என்றும், 20 சதவீதம் பேர் வரைக்கும் அறுவையின் திட்டமே மாறக்கூடும் என்றும் அதே ஆவணத்தில் இருக்கிறது. ஐந்தில் ஒருத்தியாக இருக்க வாய்ப்புண்டு என்று தெரிந்தபிறகு ஆறு நிமிட ஸ்கேனை நினைத்தால் வயிற்றைக் கலக்கியது.

சரி, மரப் பெஞ்ச். குறைகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டோக்கன் வரிசை என்று ஒன்று உண்டு, ஆனால் யாரும் அதை மதிப்பதில்லை. நடுவில் அவசர நோயாளிகள் வந்தால் வரிசை அப்படியே நின்றுவிடும். அதைக் குறை சொல்ல முடியாது, ஆனால் எவ்வளவு நேரமாகும் என்று சொல்லலாம். உடை மாற்றும் இடத்தில் திரை முழுதாக மூடாது. சங்கிலியையும் தோட்டையும் கழற்றிவிட்டு வரச் சொல்லி முன்பே தெரிவித்திருந்தால் கைப்பைக்குள் அவசரமாகத் திணித்திருக்க வேண்டாம். வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று போனில் கேட்டதற்கு “ஆமா” என்றார்கள். தேவையே இல்லை. கழுத்து ஸ்கேனுக்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. நான் இரண்டரை மணி நேரம் கிடந்தேன்.

ஸ்கேன் செய்த டாக்டர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. முதலில் படுக்கச் சொல்லவில்லை, பழைய ரிப்போர்ட்டை வாங்கினார். “படம் எங்கே?” என்றார். உறையில் இருந்த இரண்டு படங்களைக் கொடுத்தேன். ஒன்றில் கட்டி இருந்தது, மற்றதில் இடது மடல். புரட்டிவிட்டு எதுவும் சொல்லாமல் மேஜைமேல் வைத்தார். யாருக்காவது குடும்பத்தில் தைராய்டு புற்று இருந்ததா, சின்ன வயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்களா, ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறேனா, இதற்குமுன் கழுத்தில் அறுவை நடந்திருக்கிறதா என்றெல்லாம் கேட்டு முடித்தபிறகுதான் மேஜைக்குப் போனோம்.

தோளுக்கு அடியில் ஒரு தலையணை. தலை பின்னால் தொங்கிய மாதிரி கிடக்கிறது, கழுத்து வானத்தைப் பார்க்கிறது. ஆறு நிமிடத்துக்கு இது ஒரு பொருட்டில்லை. முக்கால் மணி நேரத்துக்குப் பிடரி கழன்றுவிடும் போல இருக்கிறது. கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நடுவில் நிறுத்தி எழுப்பி உட்கார வைப்பார்கள். எனக்கு ஒருமுறை அப்படிச் செய்தார்கள். கடைசியில் எழும்போது தலை சுற்றியது. மெதுவாக எழுந்திருங்கள் என்று சிஸ்டர் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

ஜெல் குளிராகத்தான் இருக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. தோலுக்கும் கருவிக்கும் நடுவில் துளி காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாது, அதற்குத்தான் அந்தக் கொழகொழப்பு. இதில் கதிர்வீச்சு எதுவும் கிடையாது. காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறார்கள். ஒலியின் அதிர்வெண் கூடக் கூடப் படம் துல்லியமாகும், ஆனால் ஆழத்துக்குப் போகாது. தைராய்டு தோலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் 10 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய கருவியை வைத்துச் சில மில்லிமீட்டர் அளவு வரை பார்த்துவிடலாம். வயிற்றை ஸ்கேன் செய்யும் கருவிக்கு அந்தத் துல்லியம் வராது.

இன்னொரு திரையை என் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். நான் கேட்டுக்கொண்டதால் டாக்டர் அவ்வப்போது சொல்லிக்கொண்டே போனார். நீர் இருக்கும் இடம் கறுப்பு. சுண்ணாம்பு படிந்த இடம் வெள்ளை. மூச்சுக்குழாய்க்குள் காற்று இருப்பதால் அதற்குப் பின்னால் எதுவும் தெரியாது, ஒரே மூட்டம். ஒரு வட்டம் துடிக்கிறது, அது தமனி. பக்கத்திலேயே இன்னொரு வட்டம், கருவியை லேசாக அழுத்தினால் நசுங்குகிறது, அது சிரை. எனக்கு உடனே பிடித்துப்போனது. இது குறுக்குவெட்டு வரைபடம்தான், நான் தினமும் போடுவது. என்ன, என் வரைபடத்தில் எதுவும் துடிக்காது.

கட்டியை மூன்று பக்கமும் அளந்தார். குறுக்கு 14 மி.மீ., முன்பின் 17, நெடுக்கு 18. “முன்பின் அளவு குறுக்கைவிட ஜாஸ்தி, பாத்தீங்களா? படுத்துக் கிடக்காம நிக்குது” என்றார். சாதுவான கட்டிகள் பொதுவாகத் தைராய்டின் போக்கிலேயே படுத்து வளருமாம். நிற்கிற கட்டி சந்தேகத்தைக் கிளப்பும். முதல் ரிப்போர்ட்டின் 1.6-க்குள் இந்தச் சங்கதி இருக்கவே வழியில்லை. ஒரே அளவை வைத்துக்கொண்டு நிற்கிறதா படுத்திருக்கிறதா என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் அந்த டி-ரேட்ஸ் எண். கட்டியின் தோற்றத்துக்கு மதிப்பெண் போடும் முறை அது. அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2017-ல் வெளியிட்ட கணக்கை டாக்டர் எனக்கு வாய்விட்டே கூட்டிக் காட்டினார். முழுக்கத் திடமான கட்டி, 2. சுற்றியுள்ள தைராய்டைவிடக் கறுப்பாகத் தெரிகிறது, 2. நிற்கிறது, 3. ஓரம் சீராக இல்லை, 2. உள்ளே மணல் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள், 3. ஆகமொத்தம் 12. ஏழும் அதற்கு மேலும் வந்தாலே உச்சப் பிரிவான 5-இல் சேர்ந்துவிடும். முதல் இடத்தில் எழுதியிருந்த 4 எங்கிருந்து வந்தது என்பது இன்றுவரை மர்மம். ஐரோப்பாவுக்கு ஒரு கணக்கு, கொரியாவுக்கு ஒரு கணக்கு என்று இதே பெயரில் வேறு முறைகளும் உண்டு. அதனால் எந்தக் கணக்கு, எதற்கு எவ்வளவு என்று எழுதாத டி-ரேட்ஸ் எண், அலகு போடாத அளவு மாதிரிதான். பத்து என்றால் பத்து அடியா, பத்து மீட்டரா?

உண்மையில் ஊசி முடிவு வந்துவிட்ட பிறகு இந்த மதிப்பெண்ணுக்கு வேலை குறைவு. புற்று என்று தெரிந்துவிட்டது, இனி அது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. டாக்டர் அதிக நேரம் செலவழித்ததும் அங்கேதான். கட்டி தைராய்டின் உறையைத் தள்ளுகிறதா, உடைத்துவிட்டதா? முன்னால் இருக்கும் தசைக்குள் நுழைந்திருக்கிறதா? பின்னால் மூச்சுக்குழாயோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா, நடுவில் இடைவெளி இருக்கிறதா? குரல்நாண்களுக்குப் போகிற நரம்பு அந்தப் பின்பக்கப் பள்ளத்தில்தான் ஓடுகிறது. நரம்பு படத்தில் தெளிவாகத் தெரியாது, அது போகும் பாதையைக் கட்டி நெருங்குகிறதா என்று மட்டும் பார்க்கலாம். என் கட்டி உறையைத் தொட்டிருந்தது, தாண்டவில்லை. ரிப்போர்ட்டில் ‘முன்புற உறையோடு 6 மி.மீ. நீளத்துக்குத் தொடர்பு, உடைப்பு தென்படவில்லை’ என்று எழுதினார். இடிக்கப் போகிறவருக்கு இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

இடது பக்கம் போனபோது எனக்குத் திக்கென்றது. தைராய்டுக்குப் பின்னால் இன்னொரு உருண்டை, அதற்குள் வெள்ளையாக ஏதோ. “எச்சில் முழுங்குங்க” என்றார். விழுங்கினேன். உருண்டைக்குள் வெள்ளைக் குமிழிகள் சரேலென்று ஓடின. “உங்க உணவுக்குழாய்ம்மா, பயப்படாதீங்க” என்று சிரித்தார். அதைக் கட்டி என்று நினைத்து ஊசிக்கு அனுப்பிய கதைகளும் உண்டாம். இடது மடலில் நிஜமாகவே 6 மி.மீ. அளவில் ஒன்று இருந்தது, பஞ்சு மாதிரி சின்னச் சின்ன அறைகளாக. மதிப்பெண் பூஜ்யம், சாது. ஆனாலும் அளந்து குறித்துக்கொண்டார், ஏனென்றால் பாதித் தைராய்டை விட்டுவைக்கலாமா என்ற முடிவுக்கு மறுபாதி எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

இதுவரை இருபது நிமிடம். முதல் இடத்தின் வேகத்தில் நான் வீட்டுக்கே போயிருப்பேன். இங்கே அப்போதுதான் பாதி.

கழுத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். தாடைக்குக் கீழே ஒன்று. கழுத்தின் பக்கவாட்டுத் தசையை ஒட்டி மேலிருந்து கீழாக இரண்டு, மூன்று, நான்கு. அதற்குப் பின்னால் ஐந்து. நடுவில், தைராய்டைச் சுற்றி, ஆறு. ஜுரம் வந்தால் நெறி கட்டியிருக்கு என்கிறோமே, அந்த நெறிகள் இந்தச் சதுரங்களில் சிதறிக் கிடக்கின்றன. எல்லோருக்கும் இருக்கும். நல்ல நெறி விதை மாதிரி நீளவாட்டில் இருக்கும், நடுவில் கொழுப்பின் வெள்ளைக் கோடு தெரியும். டாக்டர் கருவியைத் தாடையில் வைத்துக் காறையெலும்பு வரை, உழவு ஓட்டுவது போல, குறுக்கே ஒருமுறை நெடுக்கே ஒருமுறை இழுத்தார். ஒவ்வொரு சதுரம் முடியும்போதும் பக்கத்தில் இருந்த சிஸ்டரிடம் எண்ணைச் சொன்னார். “வலது ரெண்டு, சரி. வலது மூணு, சரி.”

வலது நான்கில் கை நின்றது. பேச்சும் நின்றது.

அந்த அறையில் எனக்கு ஞாபகம் இருப்பது அந்த அமைதிதான். பெரிதாக்கினார். கலர் டாப்ளரைப் போட்டார், ரத்த ஓட்டம் ஓரத்தைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாக மின்னியது. அணைத்தார். அளந்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, “இங்க ஒண்ணு எனக்குச் சந்தேகமா இருக்கும்மா. 11-க்கு 10-க்கு 9 மில்லிமீட்டர். உருண்டையா இருக்கு, நடுவுல வெள்ளைக் கோடு இல்லை, ஒரு மூலையில நீர் கோத்திருக்கு, உள்ளே புள்ளி இருக்கு. உறுதியா சொல்ல ஊசி போட்டாகணும்” என்றார். ஒளிக்கவில்லை, இழுக்கவில்லை, ‘சர்ஜன்கிட்ட கேட்டுக்கங்க’ என்று தள்ளிவிடவும் இல்லை. பக்கத்திலேயே இன்னொன்று, 5 மி.மீ., பாதிச் சந்தேகம். அதைச் சும்மா குறித்துக்கொண்டார்.

கழுத்து நெறி என்றாலே ஊசி போட்டுவிடுவதில்லை. குறுகலான பக்கம் 8 முதல் 10 மி.மீ. இருந்து, தோற்றமும் சந்தேகமாக இருந்தால் போடலாம் என்பது அந்த 2015 வழிகாட்டுதலின் கணக்கு. என்னுடையது அதில் சேர்ந்தது. அறுவை நிபுணரிடம் போனில் பேசிவிட்டு அன்றைக்கே போட்டார். ஊசி நுனி உள்ளே போவதைத் திரையில் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம். வலி ஊசி வலிதான், இரண்டு முறை குத்தினார். செல்லை எடுத்த ஊசியை 1 மி.லி. உப்பு நீரில் அலசி அந்த நீரையும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். தைரோகுளோபுலின் என்ற புரதத்தைத் தைராய்டு செல்கள் மட்டும்தான் உண்டாக்கும். பக்கவாட்டுக் கழுத்தில் இருக்கும் நெறியில் அது மண்டிக்கிடந்தால் தைராய்டு செல் அங்கே குடியேறிவிட்டது என்று அர்த்தம். நீர் கோத்த நெறியில் செல் சரியாகச் சிக்காமல் போகலாம், அப்போது இந்த அலசல்தான் காட்டிக்கொடுக்கும்.

ஐந்தாம் நாள் இரண்டு முடிவும் ஒன்றையே சொன்னன. குடியேறிவிட்டது.

பாதித் தைராய்டு என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. தைராய்டு முழுவதும், நடுக் கழுத்து நெறிகள், வலது பக்கவாட்டு நெறிகள் என்று திட்டம் மாறியது. தழும்பு நீளும், தோளில் கொஞ்ச நாள் மரமரப்பு இருக்கும், வாழ்நாள் முழுக்க மாத்திரை. சந்தோஷப்படும் செய்தியா? இல்லை. ஆனால் பாதியை எடுத்துவிட்டு, ஒரு வருடம் கழித்து அதே கழுத்தைத் தழும்புகளுக்கு நடுவே மறுபடி திறப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

ரிப்போர்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் உண்மையில் காதலித்தது அதைத்தான். மூன்று பக்கம். ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு வரி. ‘இல்லை’ என்றால் எங்கே இல்லை என்று எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தில் கழுத்தின் கோட்டோவியம், அதில் கட்டி, இரண்டு நெறி, அவற்றுக்கும் சிரைக்கும் உள்ள தூரம், எல்லாம் டாக்டர் கைப்பட பென்சிலால் குறித்தது. கோடு கோணல், எழுத்து அதைவிடக் கோணல். இருந்தாலும் அளவெல்லாம் இருந்தது. அறுவை நிபுணர் மற்ற இரண்டு பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு இந்த ஒரு பக்கத்தை அறுவை அறைச் சுவரில் ஒட்டிவைத்தார். மயக்கம் கொடுப்பதற்குமுன் அவரே ஒரு சின்ன ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்து, அந்த நெறிக்கு நேர்மேலே தோலில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்.

அந்த ரிப்போர்ட்டில் இன்னொரு வரி உண்டு. ‘தைராய்டு இருக்கும் நிலையில் ஆறாம் பகுதியின் ஆழத்தை முழுமையாகப் பார்க்க இயலாது.’ இந்த நேர்மையை நான் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அறுவைக்குப் பிறகு வந்த நோய்க்கூறு முடிவில் எடுத்த 27 நெறிகளில் ஐந்தில் புற்று இருந்தது. ஸ்கேன் காட்டியது இரண்டு. மற்ற மூன்றும் ஆறாம் பகுதியில், தைராய்டின் நிழலிலும் மூச்சுக்குழாயின் மூட்டத்திலும் ஒளிந்திருந்த 2, 3 மி.மீ. துணுக்குகள். பக்கவாட்டுக் கழுத்தில் இந்தக் கருவி கில்லாடி, நடுக் கழுத்தில் பாதிக் குருடு. மார்பெலும்புக்குப் பின்னால் சுத்தமாக எட்டாது. கட்டி மூச்சுக்குழாய்க்குள்ளோ உணவுக்குழாய்க்குள்ளோ நுழைந்திருக்கிறது என்ற சந்தேகம் வந்தால் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் வேண்டும். ஆகவே முழு மதிப்பெண் என்று எழுத மனம் வரவில்லை. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று எழுதியதற்குக் கொஞ்சம் சேர்த்துக்கொடுக்கலாம்.

முதல் இடத்துக்கு மறுபடி போனேன். சண்டை போட அல்ல, மீதிப் படங்களை வாங்க. ஏழு வாரத்தில் புதிதாக வந்த நெறியாக இருக்குமோ என்று ஒரு நப்பாசை. இரண்டாவது டாக்டரிடம் கேட்டதற்கு, நீர் கோத்துப் புள்ளி விழுந்த நெறி ஏழு வாரத்தில் முளைக்காது என்றார். முதல் இடத்தில் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, மொத்தமே அந்த இரண்டு படம்தான் சேமித்திருக்கிறோம் என்றார்கள். பக்கவாட்டுக் கழுத்துக்குப் படமே இல்லை. கருவி அந்தப் பக்கம் போனதா என்றே தெரியாத இடத்துக்கு ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரி அவர்களுடைய எல்லா ரிப்போர்ட்டிலும் அச்சாகவே இருக்கிறது என்று பிறகு தெரிந்தவர் ஒருவருடைய ரிப்போர்ட்டைப் பார்த்தபோது புரிந்தது. அதே வரி, அதே இடத்தில், ஒரு கமா கூட மாறாமல்.

இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. சொல்லப்போனால் முதல் இடத்தில் இருந்ததுதான் புதிய மாடல். அல்ட்ராசவுண்டில் படம் தானாக வருவதில்லை, வைத்திருக்கும் கை தேடினால்தான் வரும். அதனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இயந்திரத்தின் பெயரைக் கேட்காதீர்கள். அறுவைக்கு முன்னால் செய்யும் ஸ்கேன் என்று சொல்லி, பக்கவாட்டுக் கழுத்தைப் பகுதி பகுதியாகப் பார்ப்பீர்களா, எவ்வளவு நேரம் ஒதுக்குவீர்கள், தேவைப்பட்டால் அங்கேயே ஊசி போடுவீர்களா என்று கேளுங்கள். பத்து நிமிடம் என்றால் வேறு இடம் பாருங்கள். உங்கள் அறுவை நிபுணர் யாருடைய ரிப்போர்ட்டை நம்புகிறார் என்று அவரிடமே கேட்பது இன்னும் சுலபம்.

இதைப் படித்துவிட்டு ‘நானும் சும்மா ஒருமுறை கழுத்தை ஸ்கேன் செய்து பார்த்துவிடட்டுமா’ என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். என் அண்ணி கேட்டார், அவரிடமும் அதைத்தான் சொன்னேன். தென்கொரியாவில் 1999-க்குப் பிறகு புற்றுநோய்ப் பரிசோதனைகளோடு தைராய்டு ஸ்கேனையும் பரவலாகச் சேர்த்துச் செய்துகொண்டார்கள். 2011-ல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்றின் விகிதம் 1993-ல் இருந்ததைப் போலப் பதினைந்து மடங்கு. இறப்பு விகிதம் மட்டும் அசையவே இல்லை. ஆயுள் முழுக்கத் தொந்தரவு செய்யாமல் கிடந்திருக்கும் பொடிக் கட்டிகளைத் தோண்டியெடுத்து அறுத்ததுதான் மிச்சம். ஜப்பானில் கோபே நகரத்து குமா மருத்துவமனையில் 1993-லிருந்தே, ஒரு செ.மீ.-க்குக் குறைவான, ஆபத்து அறிகுறி இல்லாத கட்டிகளை அறுக்காமல் ஸ்கேன் செய்து கண்காணித்து வருகிறார்கள். நான் இங்கே புகழ்வது, அறுவை முடிவாகிவிட்ட ஒரு கழுத்துக்குச் செய்யும் ஸ்கேனை. அண்ணிக்கு அந்தப் பேச்சு திருப்தி தரவில்லை, அது வேறு விஷயம்.

மரப் பெஞ்ச் இடத்தின் மீதிக் குறைகள்: படங்களைப் பதிந்து கொடுத்த சி.டி. வீட்டுக் கணினியில் திறக்கவே இல்லை. திறக்கும் மென்பொருளையும் அதிலேயே போட்டுத் தந்திருக்கலாம். ரிப்போர்ட்டில் வலது என்பது ஓரிடத்தில் இடது என்று தட்டச்சாகியிருந்தது. நான் கண்டுபிடித்துச் சொன்னதும் டாக்டரே கையெழுத்துப் போட்டுத் திருத்தினார். தவறு நடந்தது பெரிய குறைதான், பக்கம் மாறுவது சின்ன விஷயம் இல்லை. பென்சில் படம் சரியாக இருந்ததால் எனக்குச் சந்தேகம் வந்தது. உங்கள் ரிப்போர்ட்டையும் வாங்கிய இடத்திலேயே நின்று படியுங்கள், கட்டி எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது தொடர் பரிசோதனைக்கு அதே பெஞ்சுக்குத்தான் போகிறேன். தைராய்டு இருந்த இடம் காலியாக இருப்பதால் ஆறாம் பகுதி இப்போது நன்றாகத் தெரிகிறதாம். போன முறை டாக்டர் பழைய பென்சில் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சதுரமாகப் போனார், நான் மனதுக்குள் கூடவே எண்ணினேன். வலது நான்கில் கை நிற்கவில்லை. அதே டாக்டர் வேண்டும் என்றால் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் யார் இருக்கிறார்களோ அவர்கள். ஜெல் துடைக்க அவர்கள் தரும் காகிதம் இரண்டே இரண்டு துண்டு. நான் வீட்டிலிருந்தே துண்டு எடுத்துப்போகிறேன்.